மூன்று நிமிட ஆய்வும் நடுவர் அளவுகோலும்: தீவக ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வேடு ஒன்றினை மதிப்பிடுவதற்குப் பல்கலைக்கழகங்களிலே நிலைபெற்ற முறைமை ஒன்று உண்டு. பரீட்சகர்கள் ஏட்டைப் படித்து அறிக்கை எழுதுவர். பின்னர் வாய்மொழித் தேர்வு நடைபெறும். இம்முறைமையின் குறைபாடுகள் பல. எனினும், ஆய்வாளர் நிறுவ முயல்வது யாது, அதற்கு அவர் காட்டும் ஆதாரம் யாது என்னும் வினாக்களை அங்கு எவரும் தவிர்த்துவிட முடியாது. அண்மைக் காலத்தில் இதனோடு வேறொரு மதிப்பீட்டு முறையும் வந்து சேர்ந்துள்ளது. பட்டப்பின் படிப்பு மாணவர் தமது பல்லாண்டு உழைப்பை மூன்று நிமிடங்களிலே பொது அவையின் முன் எடுத்துரைக்க, நடுவர் குழுவொன்று புள்ளியிட்டு அவர்களை வரிசைப்படுத்துகிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய போட்டிகள் நடந்து வருகின்றன. பரிசு பெற்றோரின் படங்கள் வெளிவருகின்றன. நடுவர் எதனை அளந்தனர் என்பது பற்றிய பேச்சோ அரிதாகவே எழுகிறது. இலக்கிய விமர்சனத்துறை சார்ந்த நாம் இவ்விடயத்திலே தலையிடுவதற்குக் காரணம் உண்டு. புள்ளித்தாளும் ஒரு விமர்சனக் கோட்பாடே. தன்னைக் கோட்பாடு என அறிவித்துக்கொள்ளாத கோட்பாடு ஆதலின், அது கூடுதலான கவனத்துக்குரியது.

இப்போட்டியின் தோற்ற வரலாறு சுவையானது. 2008ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் இதனைத் தொடக்கிற்று. அம்மாநிலம் அப்பொழுது கடும் வரட்சிக்கு உட்பட்டிருந்தது. குளிப்பதற்கு மூன்று நிமிடங்களுக்கு மேல் எடுக்கலாகாது என்பதற்காக மக்கள் குளியலறைச் சுவரிலே சிறு நேரங்காட்டிகளைப் பொருத்தியிருந்தனர். பட்டப்பின் படிப்புகளுக்குப் பொறுப்பாயிருந்த அலன் லோசன் என்பாருக்கு இப்போட்டியின் எண்ணம் அதிலிருந்தே பிறந்ததாகக் கூறுவர். இன்று 80க்கு மேற்பட்ட நாடுகளில் 900க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களிலே இது நடைபெறுகிறது. 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை வாசித்துக் காட்ட ஒன்பது மணி நேரம் வேண்டும்; உமக்குள்ளதோ 180 விநாடிகள் என்பது இதன் விளம்பர வாசகத்தின் சாரம். அசைவற்ற ஒரே படத்தைத் திரையிலே காட்டலாம். வேறு பொருளோ ஒலியோ துணைக்குக் கொள்ளலாகாது. மூன்று நிமிடத்தைக் கடந்தால் நீக்கப்படுவர். உரைநடையிலேயே பேச வேண்டும். செய்யுளும் பாட்டும் விலக்கு. (மருத்துவமும் சோதிடமும் கணக்கும் செய்யுளிலே எழுதிய மரபினர் இவ்விதியைக் கண்டு சற்றே புன்முறுவல் கொள்ளலாம்.) புள்ளிகள் இரு கூறாகப் பகுக்கப்படுகின்றன: ஒன்று பொருளும் அதன் விளக்கமும், மற்றையது அவையை ஈர்க்கும் ஆற்றலும் எடுத்துரைக்கும் திறனும். இரண்டுக்கும் சம எடை.

இவ்விதிகளை வகுத்தோர் மீது அநீதியான குற்றச்சாட்டு எதனையும் சுமத்துவது நமது நோக்கமன்று. ஆய்வை அற்பமாக்கிவிடாமலும் பொத்தம் பொதுவாகப் பேசிவிடாமலும் மாணவர் காத்தனரா என்பதும் நடுவர் நோக்க வேண்டியவற்றுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. அறிஞர் தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பழக்கத்தை உடைக்க வேண்டுமென்ற விருப்பத்தில் முற்போக்காளர் எவரும் குறைகாண மாட்டார். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. அனைவருக்கும் ஒரே 180 விநாடிகள் என்பது பார்வைக்குப் பூரண சமத்துவம். சமமற்ற மனிதருக்குச் சமமான அளவுகோலைப் பிரயோகிக்கும் உரிமை, அதன் உள்ளடக்கத்தால் சமமின்மையின் உரிமையாகவே அமையும் என்று 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சிக்கையில் மார்க்ஸ் காட்டினார். புற்றுநோய்க்கான மூலக்கூறு ஒன்றைப் பற்றிப் பேசும் மாணவருக்கு அதன் முக்கியத்துவத்தை விளக்க ஒரு விநாடியும் தேவையில்லை. அவை அதனை முன்னரே அறியும். எழுவைதீவின் மீனவக் குடும்பங்களின் கடன் பற்றி ஆராய்ந்தவரோ எழுவைதீவு எங்குள்ளது என்று சொல்வதிலேயே தமது பங்கில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். புள்ளித்தாளில் இவ்வேறுபாட்டைக் குறிப்பதற்கு இடமில்லை.

அவையின் முன் ஆய்வை அளந்து காணுதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. இதனை விளக்கும் இரு கதைகள் நம்மிடையே உள்ளன. முதலாவது, இறையனார் களவியலுரையில் வருவது. நாற்பத்தொன்பது புலவரும் தத்தம் உரைகளை மதுரை உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் மூங்கைச் சிறுவன் முன் உரைத்தனர். ஏனையோர் உரைக்கு வாளா இருந்த அவன், மருதனிளநாகனார் உரையில் சிற்சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரனார் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்த்தான். அதுவே மெய்யுரை எனத் துணியப்பட்டது. இரண்டாவது, தொல்காப்பியம் அரங்கேறியது பற்றிய கதை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் நூலைக் கேட்டார். குற்றங் கண்டு வினவிக்கொண்டே கேட்டார் என்றும், தொல்காப்பியர் அவற்றுக்கெல்லாம் விடை கூறினார் என்றும் உரையாசிரியர்கள் கூறுவர்.

இவை வரலாற்றுச் செய்திகள் அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் அறிவின் அதிகாரம் எவ்வாறு நிலைநாட்டப்படுகிறது என்பது பற்றிய இரு வேறு கருத்துநிலைகளை இவை பேணி வைத்துள்ளன. உருத்திரசன்மன் பேசாதவன், ஆதலின் அவன் தீர்ப்புக்குக் காரணம் கேட்க இயலாது. முருகக் கடவுளின் கூறாகவே அவனை உரை காட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட ஆசிரிய பரம்பரையின் உரையை ஏனைய உரைகள் அனைத்துக்கும் மேலாக நிறுவுவதற்கு விவாதத்தை அகற்றிக் கண்ணீரை வைக்கும் உத்தி இது. அதங்கோட்டாசானோ கேள்வி கேட்பவர். அவர் கேள்வியால் நூல் சோதனைக்கு உட்படுகிறது. மூன்று நிமிடப் போட்டியிலே நடுவர் மாணவரை வினவுவதில்லை. பேச்சு முடிகிறது, கைதட்டல் எழுகிறது, அடுத்தவர் வருகிறார். அவையை ஈர்த்தலுக்கு அரைவாசிப் புள்ளி வழங்கப்படும் இடத்தில், நவீனப் பல்கலைக்கழகம் தான் அறியாமலே அதங்கோட்டாசானை விடுத்து உருத்திரசன்மனை நடுவனாக அமர்த்திக்கொண்டது என்றுதான் கொள்ள வேண்டியுள்ளது.

இதன் விளைவு யாழ்ப்பாணத்துத் தீவகம் போன்ற ஓர் ஆய்வுப்பொருளில் எவ்வாறு தோன்றும் என்பதைச் சற்று விரிவாக நோக்கலாம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்னும் இப்பகுதி குடாநாட்டு ஆய்வாளரின் கண்களுக்கே ஓரத்தில் உள்ளது. கொழும்பு ஆய்வாளர் கண்ணுக்கு இன்னும் தொலைவில் உள்ளது. ஆயின் அசைவற்ற படம் ஒன்றைத் தேடுவோருக்குத் தீவகம் வஞ்சனை செய்வதில்லை. நெடுந்தீவின் கட்டாக் குதிரைகள், பெருக்க மரம், பவளக்கல் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் காலத்துச் சிதைவுகள், ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலில் நிற்கும் கோட்டை என எதனைத் திரையிட்டாலும் அவை நிமிர்ந்து அமரும். உல்லாசப் பயணத்துறை இப்படங்களை ஏற்கெனவே விற்று வைத்துள்ளது. மாணவர் அச்சந்தையிலிருந்து படத்தை எடுக்கிறார். படம் தனக்குரிய பேச்சையும் கூடவே கொண்டுவந்து விடுகிறது. கல்வேலியைக் கண்டோர் அழகு என்பர். அக்கல்லைச் சுமந்து அடுக்கிய கைகள் யாருடையவை, வேலிக்கு உள்ளேயிருந்த காணி யாருக்குரியது என்பன படத்தில் விழுவதில்லை.

நெடுந்தீவின் கிணறுகளை ஆராயும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். நிலத்தடியிலே சுண்ணக்கல்லின் துளைகளில் மழைநீர் தேங்கி, உவர்நீரின் மேல் வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு அது உவர்நீரைத் தாழ்த்தி வைத்திருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகியோர் பெயரால் அறியப்படும் விதி. ஆகவே இயந்திரம் பூட்டி மேல்மட்டத்தை அரை அடி குறைத்தால், கீழேயிருந்து காலப்போக்கில் இருபது அடி உவர் ஏறும் நிலை உண்டாகும். இதனை மூன்று நிமிடத்தில் நன்றாகவே சொல்லலாம். நடுவரும் புள்ளி வழங்குவர். ஆனால் அவ்வாய்வின் ஐந்தாம் அதிகாரம் கிணற்றின் உடைமை பற்றியது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர்க் கிணறு எவர் வளவில் உள்ளது, எவர் அள்ளலாம், எவர் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நிற்க வேண்டும் என்னும் கேள்விகள் சாதி உறவுகளையும் நிலவுடைமையையும் தொடுவன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நடைமுறையில் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைக் காட்டாமல் அவ்வதிகாரம் நிறைவுறாது. இதற்கு விநாடிகள் போதா. மேலும், அவையிலுள்ளோர் சிலரை நெளியச் செய்யும் பேச்சு ‘ஈர்க்கும்’ பேச்சாகக் கணிக்கப்படுமா என்பதும் ஐயமே. ஆகவே மாணவி ஐந்தாம் அதிகாரத்தை விட்டு நீரியலை மட்டும் பேசுகிறாள். எவரும் அவளைத் தடுத்ததில்லை. அளவுகோலே அவ்வேலையைச் செய்துவிட்டது.

குயீன்ஸ்லாந்தின் மணிக்கூட்டை இங்கு நினைவுகூராதிருக்க முடியவில்லை. அங்கு பற்றாக்குறை ஒரு பருவத்துக்குரியது. வீடுதோறும் மூன்று நிமிடம் என்று அதனைப் பங்கிட முடிந்தது. தீவகத்திலே தண்ணீர்ப் பற்றாக்குறை நிரந்தரமானது. அது ஒருபோதும் சமமாகப் பங்கிடப்பட்டதுமில்லை.

இவ்விடத்து மு. தளையசிங்கம் (1935–1973) பற்றிச் சில சொற்கள் கூறுதல் பொருந்தும். புங்குடுதீவைச் சேர்ந்த அவர், ஈழத்து முற்போக்கு இலக்கியக் கோட்பாட்டைக் கடுமையாக எதிர்த்தவர். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யிலே அவர் முன்வைத்த கருத்துக்கள் பலவற்றை நாம் ஏற்பதில்லை, அவரது மெய்முதல்வாதம் வரலாற்றின் இயக்கத்தைத் தனிமனித ஆன்ம எழுச்சியாகச் சுருக்கிவிடுகிறது என்பதே நமது நிலைப்பாடு. ஆனால் அதே மனிதர், 1970களின் தொடக்கத்தில் தமது ஊரிலே ஒடுக்கப்பட்ட மக்கள் கோவிற் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் அவர்களுடன் நின்று பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானவர். கருத்துமுதல்வாதி என்ற ஒரு சொல்லால் அவரைக் கழித்துவிடுவதும், ஞானி என்ற ஒரு சொல்லால் அவரை உயர்த்திவிடுவதும் மூன்று நிமிடத்துக்கு மிக வசதியானவை. முற்போக்கு விமர்சகர் சிலர் மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரது எழுத்துக்கும் கிணற்றடியில் அவர் நின்ற நிலைக்கும் இடையிலான முரண்பாடே ஆய்வுக்குரியது. முரண்பாட்டை விளக்குவதற்கு நேரம் வேண்டும். குறைந்தபட்சம், முரண்பாடு உண்டு என்று சொல்வதற்காவது மாணவருக்குத் துணிவு வேண்டும், அத்துணிவுக்கு நடுவர் புள்ளி வழங்க வேண்டும்.

இதனிலும் கடினமான ஓர் உதாரணம் உண்டு. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகிலே பெண்களும் குழந்தைகளும் அடங்கலாகப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளோடு தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் வெளியேறினர். இவற்றை ஆராயும் மாணவர் மேடையேறினால் அவை நிச்சயமாக உறைந்து கேட்கும். ஈர்ப்புக்கான புள்ளிகள் முழுமையாகக் கிடைத்தல் கூடும். அவ்வாறு கிடைப்பதே நம்மை உறுத்துகிறது. கொல்லப்பட்டோரின் துயரம் பேச்சாளரின் திறனாக எண்ணிக்கையிடப்படுகிறது. அதே வேளை, எவ்வகைச் சாட்சியங்கள் பயன்படுத்தப்பட்டன, உயிர்தப்பியோரின் கூற்றுக்களும் அரசின் கூற்றுக்களும் எங்கு வேறுபடுகின்றன, விசாரணைக்கு என்ன நேர்ந்தது என்பவற்றைச் சொல்லும் ஆய்வாளர் சலிப்பூட்டுபவராகத் தோன்றுவார். கண்ணீரை வரவழைக்காத பேச்சே இங்கு நேர்மையான பேச்சாக இருத்தல் கூடும். நடுவர் இதனை உணர்ந்து புள்ளியிடுவதற்குத் தாளில் வழி எதுவும் இல்லை.

எனின், சுருக்கமே குற்றமா? அன்று. தீவகத்திலிருந்தே இதற்கு மறுப்பு ஒன்று தரலாம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைப் பொறித்தது. கா. இந்திரபாலா அதனை வாசித்து 1963இல் வெளியிட்டார். அன்னிய வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்பட வேண்டும் என்று கூறும் அக்கல்வெட்டு, கப்பல் உடைந்தால் பொருளை எவ்வாறு பகிர்வது என்பதையும் விதிக்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பலாயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும்; ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய கப்பலாயின் செம்பாகம். சில வரிகளே. ஆனால் யானையும் குதிரையும் ஏன் வேறாக நடத்தப்பட்டன என்று கேட்கத் தொடங்கினால், படைத்தேவையும் கடல் வாணிபமும் அரசின் வருவாய் நலனும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு பொருளாதாரமே அவ்வரிகளினுள்ளிருந்து விரிகிறது. உறவுகளைச் சுட்டி நிற்கும் சுருக்கம் இது. இன்று மேடையில் இக்கல்வெட்டுக்குக் கைதட்டல் எவ்வாறு பெறப்படும் என்பதும் நமக்குத் தெரியும். சிங்கள மன்னன் தமிழில் ஆணை பிறப்பித்தான் என்ற வாக்கியம் போதும். அது உண்மை, முக்கியமான உண்மையுங்கூட. ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் கல்வெட்டு இனவாத வாதப் பிரதிவாதத்தின் சாட்சியாக மட்டும் சுருங்கும். பங்கு விகிதங்கள் மறையும், கப்பல்கள் மறையும், துறைமுகத்தில் உழைத்தோரைப் பற்றிய கேள்வி எழாமலேயே போகும். இவ்விரு சுருக்கங்களையும் வேறுபிரித்தறியும் ஆற்றலே நடுவரிடம் நாம் எதிர்பார்ப்பது.

பிரயோக விஞ்ஞான ஆய்வுகளும் இதற்கு விலக்கல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் பெறும் திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டின் இறுதியில் அது இடைநிறுத்தப்பட்டது, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. காற்றின் வேகத்தை அளந்த மாணவர் இதனைச் சொல்ல வேண்டியதில்லை எனலாம். எனினும் தீவின் மின்விளக்கு எவர் நலனுக்காக எவ்வேளையில் எரிகிறது என்பதை நடுவர் கேட்டால், விடையளிக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

மொழிப் பிரச்சினை தனியாக ஆராயத் தக்கது. இங்கு ஒன்றை மட்டும் கூறுவோம். நெடுந்தீவிலே தமிழில் உரையாடித் தமிழிலே தரவு திரட்டியவர், ஆங்கிலத்திலே முந்நூறு, நானூறு சொற்களுக்குள் அதனைச் சொல்லும்படி கேட்கப்படும்போது, எடுத்துரைக்கும் திறன் என்ற தலைப்பின் கீழ் அளக்கப்படுவது பெரும்பாலும் அவர் படித்த பாடசாலையே. ‘துறைசாராத பொதுமக்கள்’ என்ற சொற்றொடரும் ஆராயத்தக்கது. கிணற்று நீர் எம்மாதத்தில் உவராகும் என்பதை நெடுந்தீவு மக்கள் அறிவர். அவர்கள் அவ்விடயத்தில் துறைசாராதோர் அல்லர். நகரத்து மண்டபத்திலே குளிரூட்டியின் கீழ் அமர்ந்திருப்போரே துறைசாராதோர். அவர்களுக்கு விளங்கவைத்தலே மக்களுக்கு விளங்கவைத்தல் என்னும் கருத்துநிலை, மத்தியதர வர்க்கம் தன்னையே மக்கள் என்று கருதிக்கொள்ளும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சி.

ஆய்வை அறிவுலகத்துக்கு வெளியே கொண்டு சென்றோர் நம்மிடையே இருந்துள்ளனர். ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழறியாதோருக்குத் தமிழாய்வை எடுத்துச் சென்றார். கைலாசபதி கலாநிதிப் பட்டத்துக்கு முன்னரே தினகரன் ஆசிரியராக இருந்து பத்திரிகை வாசகருக்காக எழுதியவர். பேர்மிங்காமில் அவருக்கும் சிவத்தம்பிக்கும் ஆசானாயிருந்த ஜோர்ஜ் தொம்சன், கிரேக்கப் பேராசிரியராயிருந்தும் அந்நகரத் தொழிலாளரிடையே மார்க்சிய வகுப்புகள் நடத்தினார். இவர்களது பணியிலே மூவகை அவைகள் காணப்படுகின்றன. மூன்றும் மறுமொழி கூறக்கூடிய அவைகள். வாசகர் கடிதம் எழுதினார், சக அறிஞர் மறுத்தெழுதினார், தொழிலாளி எழுந்து கேட்டார். மூன்று நிமிட மேடையில் இல்லாதது இம்மறுமொழியே.

ஆகவே நடுவராக அழைக்கப்படுவோர் விதிகளின் எல்லைக்குள்ளேயே சிலவற்றைச் செய்யலாம். போட்டிக்கு முன்னர் ஆய்வேட்டின் சுருக்கத்தையாவது ஓர் அதிகாரத்தையாவது வரவழைத்துப் படிக்கலாம்; அப்பொழுதுதான் மேடையிலே விடப்பட்டது யாது என்பது தெரியும். பொருளுக்குரிய புள்ளிகளை வழங்குகையில், ஆய்வாளர் தமது முடிவின் எல்லையைச் சொன்னாரா என்று நோக்கலாம். பல்கலைக்கழகம் உள்ளூரில் நடத்தும் சுற்றுக்களில் பேச்சுக்குப் பின் ஐந்து நிமிடக் கேள்வி நேரத்தைச் சேர்ப்பதற்கு எத்தடையும் இல்லை. மாணவர் விரும்பும் மொழியிலே பேசுவதற்கும் தடை இருத்தலாகாது. தீவகம் பற்றிய ஆய்வுகளாயின் ஒரு சுற்றை வேலணையிலோ நெடுந்தீவிலோ நடத்தலாம். நெடுந்தீவாயின் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம் உண்டு. படகு திரும்பும் நேரத்துக்கு ஏற்ப நிகழ்ச்சி நிரலை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கிணறுகள் பற்றிப் பேசும் மாணவி அங்கு ஐந்தாம் அதிகாரத்தை விட்டுவிட்டுப் பேசினால், யாருடைய கிணற்றைச் சொல்கிறாய் பிள்ளை என்று கேட்பதற்கு அவையிலே ஒருவர் இருப்பார்.